எட்டு ஞாயிறு, ஒரு நான்காவது சீசன்: கோத்தகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் சீசன் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். மலர்க் கண்காட்சி, விடுதி அறை வாடகை, குன்னூர்ச் சாலை நெரிசல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆகையால், “நான்காவது சீசன் பார்க்கப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள்” என்று நான் வாட்ஸ்அப்பில் எழுதியதும், வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர், “இங்கே இருப்பதே இரண்டு சீசன்தானே சார், நான்காவது எப்போது வந்தது?” என்று கேட்டார். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

நான் சொன்னது ‘போர்கன்’ என்ற டேனிஷ் அரசியல் தொடரின் நான்காவது சீசனை. அது வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மலைக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும்.

டேனிஷ் மொழியில் போர்கன் என்றால் கோட்டை. கோபன்ஹேகனில் நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பேச்சுவழக்குப் பெயர் அது. தமிழ்ப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ‘கோட்டை வட்டாரம் சொல்கிறது’ என்று படித்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை என்று தானாகப் புரிந்துகொள்கிறவர்கள் நாம்.

டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். இந்தத் தொடரின் முதல் மூன்று சீசன்களை 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் தலா பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பத் தொடங்கியது. உருவாக்கியவர் ஆடம் பிரைஸ். நடுநிலைக் கட்சி ஒன்றின் தலைவியான பிர்கிட்டே நீபோர்க், யாரும் எதிர்பாராமல் நாட்டின் முதல் பெண் பிரதமராகிறார்; அங்கிருந்து கதை தொடங்குகிறது. முதல் சீசன் ஒளிபரப்பான மறு ஆண்டு, 2011 அக்டோபரில், உண்மையான டென்மார்க்குக்கும் முதல் பெண் பிரதமர் கிடைத்தார்: ஹெல்லெ தோர்னிங்-ஷ்மித். மூன்றாவது சீசனில் நீபோர்க் தன் பழைய கட்சியை விட்டு வெளியேறிப் புதுக் கட்சி தொடங்குகிறார். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் பேச்சே இல்லை. 2022 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஆர். எட்டுப் பகுதிகளை ஒளிபரப்பியது. ஜூன் மாதம் உலகின் மற்ற இடங்களுக்கு அந்த எட்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

நான் கோவையில் பல ஆண்டுகள் இதழியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கோத்தகிரி. மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு நிகழ்வு ஆய்வு எழுதி வாங்குவேன். நானே ஒன்றுகூட எழுதியதில்லை. இந்தக் குறை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்ததும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம்.

யார் யார்

என்னையும் சேர்த்து எட்டுப் பேர். முதல் முப்பது பகுதிகளையும் முந்தின ஆண்டே என்னோடு பார்த்து முடித்தவர்கள் நால்வர்: கட்டபெட்டுப் பக்கத்து ஹட்டி (படுகர் சிற்றூர்) ஒன்றிலிருந்து வரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது மூடப்படுவதற்கு முன்பே விருப்ப ஓய்வில் வந்துவிட்ட பெரியவர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு தம்பதி. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூவர்: மேலே சொன்ன கார் ஓட்டும் தம்பி, முன்னாள் ஊராட்சித் துணைத் தலைவர் ஒருவர், தலைமையாசிரியையின் பேத்தி முறையுள்ள ஒரு கல்லூரி மாணவி. இந்த மூவருக்கும் நீபோர்க் யாரென்றே தெரியாது.

இந்தப் பிரிவு நான் திட்டமிட்டுச் செய்தது அல்ல. ஆனால் ஆய்வுக்குக் கிடைத்த வரம் அதுதான். ஒரு தொடரின் புதிய சீசனைப் பற்றிப் பேசும்போது, பழைய பார்வையாளரும் புதிய பார்வையாளரும் பார்ப்பது ஒரே படைப்பை அல்ல என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை ஒரே அறையில், ஒரே முறுக்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது இதுவே முதல் முறை.

2024 அக்டோபர் 6 முதல் நவம்பர் 24 வரை, வாரம் ஒரு பகுதி. டென்மார்க்கில் ஞாயிறு இரவு எட்டு மணி என்பது டி.ஆர். தன் பெரிய நாடகங்களுக்கென்றே வைத்திருக்கும் நேரம்; நாமும் ஞாயிறு என்றே வைத்துக்கொண்டோம். பகுதி முடிந்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “இன்றைக்கு நீங்கள் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தீர்கள்?” பதிலை நோட்டில் எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான் ஆய்வு முறை. வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போன மூன்று மாலைகளில் மீதிப் பகுதியை மறுநாள் தனித்தனியே பார்த்துக்கொண்டார்கள். அந்த இருட்டில்தான் பேச்சு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மாவட்டம் இது. ஒரு சீகை மரம் கம்பியில் சாய்ந்தால் அன்று இரவு மெழுகுவர்த்திதான்.

ஒரு ரசீது

நான்காவது சீசனைப் புரிந்துகொள்ள முதல் சீசனின் முதல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு ரசீது இருக்கிறது.

அப்போதைய பிரதமர் ஹெசல்போ, லண்டனில் மனைவி வாங்கிய விலையுயர்ந்த பொருள்களுக்கு அரசாங்கக் கடன் அட்டையைக் கொடுத்துவிடுகிறார். கையில் வேறு அட்டை இல்லை, மனைவி கடையிலேயே அமர்க்களம் செய்கிறார், கொடுத்துவிடுகிறார். அந்த ரசீது, நீபோர்க்கின் ஊடக ஆலோசகர் காஸ்பர் யூல் கையில் வந்து சேர்கிறது. தேர்தலுக்கு முன் கடைசி விவாதம் நெருங்குகிறது. இதைப் பயன்படுத்தினால் பிரதமர் தொலைந்தார். நீபோர்க் வேண்டாம் என்கிறார். காஸ்பர் அதைத் தொழிற்கட்சித் தலைவர் லாகெசனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். லாகெசன் நேரலையில், கேமராவுக்கு முன்னால் அதை எடுத்து நீட்டுகிறார். ஹெசல்போவும் விழுகிறார், எடுத்து நீட்டியவரும் சேர்ந்தே விழுகிறார். அதே விவாதத்தில் எழுதிவைத்த உரையை ஒதுக்கிவிட்டு மனத்தில் பட்டதைப் பேசிய நீபோர்க் ஜெயிக்கிறார். காஸ்பரை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்.

எங்கள் ஐந்து பேருக்கும் நீபோர்க் என்றால் அந்த ‘வேண்டாம்’தான். பிறகு எத்தனையோ சமரசங்கள் செய்தார், கணவரைப் பிரிந்தார், பிள்ளைகளிடம் கெட்ட பெயர் வாங்கினார். அத்தனையையும் அந்த ஒரு ‘வேண்டாம்’ தாங்கிக்கொண்டது.

நான்காவது சீசனில் நீபோர்க் பிரதமர் இல்லை; தன்னைவிட இளையவரான சிக்னெ க்ராக் என்ற பெண் பிரதமரின் கீழ் வெளியுறவு அமைச்சர். பதவி ஆட்டம் காணத் தொடங்கியதும் அவர் ஆலோசகராக யாரைக் கூப்பிடுகிறார் தெரியுமா? லாகெசனை. ரசீதை நீட்டியவரை. பிறகு மலிவுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்து அவரைப் பாடாய்ப் படுத்தியவரை.

அந்தக் காட்சியின்போது தலைமையாசிரியை கையிலிருந்த தேநீர்க் குவளையைத் தரையில் வைத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. “யார் டீச்சர் இந்த ஆள்? நன்றாகத்தானே யோசனை சொல்கிறார்?” என்று கேட்டாள். புதியவர் மூவருக்கும் லாகெசன் திறமையான, கொஞ்சம் வேடிக்கையான கிழட்டு நரி. பழையவர் ஐவருக்கும் அவர் கதவைத் தாண்டி உள்ளே வந்ததே ஒரு துரோகம். முன்னாள் துணைத் தலைவர் மட்டும், “அரசியலில் பழைய எதிரிதான் உருப்படியான ஆலோசகன். நம் பலவீனம் அவனுக்குத்தான் மனப்பாடம்” என்றார். அவர் அனுபவத்தில் சொல்கிறார் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

எண்ணெய் யாருடையது

கதையின் மையம் கிரீன்லாந்து. அங்கே பெரிய அளவில் எண்ணெய் கிடைக்கிறது. பருவநிலைக் கொள்கையைக் கட்சியின் அடையாளமாக வைத்திருக்கும் நீபோர்க் முதலில் எதிர்க்கிறார். பிரதமர் ஆதரவாகத் திரும்பியதும், பதவியா கொள்கையா என்ற இடத்தில் பதவியின் பக்கம் சாய்கிறார். மற்றவை எல்லாம் அந்தச் சாய்வின் விளைவுகள்: கட்சிக்குள் கலகம், விலங்குரிமைப் போராட்டக்காரனான மகனோடு விரிசல், செய்தி நிறுவனத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்து திணறும் பழைய நிருபர் கத்ரினேயோடு மோதல்.

ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லாமல் இந்தக் கதையின் சூட்சுமம் பிடிபடாது. கிரீன்லாந்துக்கு 1979-இல் உள்நாட்டு ஆட்சியும் 2009-இல் விரிவான தன்னாட்சியும் கிடைத்தன. 2009 சட்டப்படி நிலத்தடி வளம் கிரீன்லாந்துக்காரர்களுக்குச் சொந்தம். ஆனால் வெளியுறவும் பாதுகாப்பும் கோபன்ஹேகனிடம். ஆண்டுதோறும் டென்மார்க் ஒரு பெருந்தொகையை மானியமாகத் தருகிறது. கனிம வருமானம் 7.5 கோடி குரோனரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதியளவு மானியம் குறையும். அதாவது, நிறைய எண்ணெய் எடுத்தால் ஒரு நாள் மானியமே தேவைப்படாது. முழு விடுதலை கேட்கலாம். 56,000 பேர் வாழும் நாட்டுக்கு அது சின்ன ஆசை அல்ல.

திரைக்கதை தன் கொக்கியை மாட்டுவது இங்கேதான். எண்ணெய் நிறுவனத்தின் பங்கில் ரஷ்யாவின் கை இருப்பது தெரிகிறது, பிறகு சீனா வருகிறது, அமெரிக்கா முறைக்கிறது. உடனே ‘வளம்’ என்ற கோப்பு ‘பாதுகாப்பு’ என்ற கோப்பாக மாறிவிடுகிறது. வளமென்றால் அவர்கள் முடிவு, பாதுகாப்பென்றால் கோபன்ஹேகன் முடிவு. கோப்பின் தலைப்பை மாற்றினால் உரிமையாளர் மாறிவிடுகிறார்! அரசியல் நாடகம் என்ற பெயரில் வருகிறவற்றில் படுக்கையறைச் சதியும் கொலையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கோப்பின் தலைப்பு மாறுவதை இவ்வளவு பரபரப்பாகச் சொன்ன தொடர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த இடத்தை விளக்க நான் ஆயத்தமானேன். தேயிலைத் தம்பதியில் கணவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “கூடலூர்ப் பக்கம் ஜன்ம நிலத்தில் என் அண்ணன் இருக்கிறான். ஜமீன் மாதிரியான அந்தப் பழைய ஜன்ம உரிமையை ஒழிக்க 1969-இல் சட்டம் வந்தது. பதினேழாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அவன் நிற்கும் மண் வருவாய்த் துறையுடையதா, வனத்துறையுடையதா, தோட்டக் கம்பெனியுடையதா என்று இத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எதற்கு விளக்கம்?”

அதோடு நான் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டேன்.

நாற்காலி மாறிய வாரம்

முதல் ஞாயிறு: பழையவர் ஐவரும் நீபோர்க்கின் நாற்காலியில். புதியவர் மூவரும் “யாருடையதும் இல்லை, வெளியே நின்று பார்த்தோம்.” இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பெரிய மாற்றமில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் நீபோர்க்குக்கு வியர்த்துக் கொட்டுவதையும் தூக்கம் கெடுவதையும் தொடர் வெளிப்படையாகக் காட்டுகிறது. “அமைச்சர் ஒருவருக்கு இதுவும் நடக்கும் என்று காட்ட இத்தனை காலம் ஆகியிருக்கிறது” என்றார் தலைமையாசிரியை. ஆண்கள் நாங்கள் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் வாரம் தேயிலைத் தம்பதியில் மனைவி முதல் ஆளாக நாற்காலி மாறினார். “எனக்கு அந்தக் கிரீன்லாந்து அமைச்சர் பக்கம் உட்கார வேண்டும் போல் இருக்கிறது” என்றார். ஹான்ஸ் எலியாசன் என்ற பாத்திரம். எல்லாக் கூட்டங்களிலும் அவருக்கு முன்னால் தயாரித்துவைத்த தாள் ஒன்று இருக்கும். அதைத் தயாரித்தவர்கள் அவருடைய ஊர்க்காரர்களாக இருக்கமாட்டார்கள் என்ற எண்ணம் அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். கொழுந்து விலை பேசப் போகும் கூட்டங்களில் தன் கணவர் முகமும் அப்படித்தான் ஆகும் என்றார் அந்த அம்மாள்.

ஐந்தாம் வாரம், நவம்பர் 3. தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு. கார் ஓட்டும் தம்பி ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். படம் தொடங்குவதற்கு முன்பே அதை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு குடும்ப அட்டை. இலங்கையிலிருந்து வந்தபோது அவருடைய தாத்தாவுக்குக் கொடுத்தது. மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப்போயிருந்தது. தாத்தா பெயரை யாரோ தவறாக எழுதி, அடித்து, மேலே மறுபடி தவறாகவே எழுதியிருந்தார்கள். “அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் நேராக இந்த மலை” என்றார்.

தேதியை அவர் கணக்குப் பார்த்துத்தான் கொண்டுவந்திருந்தார். 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் ‘பிறகு’ 1974-இல் வந்தது: ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000. வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்று டான்டீ என்று அழைக்கப்படுவது அதுவே. அந்த வாரம் ஒப்பந்தத்துக்குச் சரியாக அறுபது ஆண்டு. ஊரில் யாரும் நினைவுபடுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

“போன வாரம் கோபன்ஹேகனில் அந்த அம்மா வரைபடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் இல்லையா சார், அப்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தாவை யாரும் கேட்கவில்லை. இலக்கத்தைப் பாதியாகப் பிரித்தால் கணக்குச் சரியாக வருகிறது என்பதற்காக ஒரு குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே.”

தம்பியை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். பொழுதுபோகத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நாற்காலிக் கேள்விக்கு எட்டில் ஐந்து பேர் கிரீன்லாந்து என்றார்கள். கடைசி வாரம் வரை அது குறையவில்லை. என் நோட்டில் இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஏனென்றால் தொடர் அப்படி ஒரு நாற்காலியை யாருக்கும் போட்டுவைக்கவில்லை.

சீசனின் குறை

கிரீன்லாந்தைப் பெரும்பாலும் ஒரு டேனிஷ்காரரின் கண் வழியாகத்தான் காட்டுகிறார்கள். நீபோர்க் அனுப்பும் ஆர்க்டிக் தூதர் அஸ்கர் அங்கே போகிறார், குளிரில் நடுங்குகிறார், உள்ளூர் அதிகாரி ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார், குற்ற உணர்ச்சி கொள்கிறார். அவர் அறைக்கு வெளியே ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்பது நமக்கு அரைகுறையாகவே கேட்கிறது. பனிமலையை மேலிருந்து காட்டும் காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன. அதே காரணத்தால் எனக்குச் சலிப்பும் வந்தது. ஊட்டியில் எடுத்த பாட்டுக் காட்சிகளில் எத்தனை கொழுந்து பறிக்கும் பெண்கள் பின்னணியாக நின்றிருக்கிறார்கள்! ஒருத்திக்காவது ஒரு வரி வசனம் உண்டா? அந்தச் சலிப்புதான்.

ஃபிலிம் தொழிற்சாலைப் பெரியவர் இதை வேறு விதமாகச் சொன்னார். 1967-இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை அது. நாட்டுக்கே படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்து அனுப்பியது. இருட்டறையில், விரலால் தடவியே வேலை பார்த்த தலைமுறை. “ஃபிலிமில் எது பதிய வேண்டும் என்பதை ஃபிலிம் முடிவு செய்வதில்லை” என்றார். பிறகு, “ஆனால் வெளிச்சம் கசிந்தால் பதிந்துவிடும்” என்றும் சேர்த்தார். அவருக்கு எலியாசனாக நடித்தவரைப் பிடித்துவிட்டது. நடித்தவர் ஸ்வெண்ட் ஹார்டன்பெர்க், கிரீன்லாந்துக்காரரே. எழுதிய வசனத்தை மீறி அந்த முகம் பேசுகிறது என்பது பெரியவரின் தீர்ப்பு, என்னுடையதும் அதுவே.

எழுத்தில் இன்னொரு குறை. மூன்று சீசன்கள் முழுக்க நீபோர்க்குக்கு மனச்சாட்சியாக இருந்த முதியவர் பெந்த், இதில் ஓரமாக வந்து போகிறார். காஸ்பர் இல்லவே இல்லை. நீபோர்க்கை மறித்துப் பேச ஆளில்லாததால் அவர் கெட்டுப்போனாரா, கெட்டுப்போனதால் மறித்துப் பேச ஆள் இல்லையா என்பதைத் தொடர் தெளிவுபடுத்தியிருக்கலாம். இடையில் நழுவிய அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி இரண்டு காட்சி போதும். செய்யவில்லை.

அதே சமயம், நாயகியைச் சிறியவளாக்கிக் காட்டும் துணிச்சலை நான் குறைசொல்லமாட்டேன். அரசியல் தொடர்களின் கடைசிச் சீசன்கள் பொதுவாக அவசரத்தில் செத்துப்போகின்றன. ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் ஆறாவது சீசன் 2018-இல் வந்தது. நாயக நடிகர் விலக்கப்பட்டதும், வழக்கமாகப் பதின்மூன்று பகுதி வரும் தொடரை எட்டுப் பகுதியாகச் சுருக்கி, கதாநாயகனைத் திரைக்கு வெளியே சாகடித்து முடித்தார்கள். உக்ரைனில் நேர்மாறு: ஆசிரியர் ஒருவர் அதிபராகும் நகைச்சுவைத் தொடரின் மூன்றாவது சீசன் 2019 மார்ச்சில் வந்தது, அடுத்த மாதமே அதில் நடித்த ஜெலென்ஸ்கி நிஜமாகவே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரையிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதை தமிழ்நாட்டுக்காரனுக்குப் புதிதல்ல என்பதால் இதை நீட்டவில்லை.

‘போர்கன்’ விஷயத்தில் நிஜம் கதைக்கு முன்னும் பின்னும் ஓடியிருக்கிறது. தொடர் ஒளிபரப்பாவதற்கு ஏழு மாதம் முன்பே, 2021 ஜூலையில், கிரீன்லாந்து அரசு புதிய எண்ணெய் ஆய்வு உரிமங்களை நிறுத்திவிட்டது. திரையில் கோபன்ஹேகன் மாய்ந்து மாய்ந்து விவாதித்ததைக் கிரீன்லாந்துத் தலைநகர் நூக் தானே முடிவு செய்துவிட்டது. 2022 டிசம்பரில் டென்மார்க்கின் முன்னாள் பிரதமர் லார்ஸ் லோக்கெ ராஸ்முசென், தன் பழைய கட்சியை விட்டு விலகிப் புது நடுநிலைக் கட்சி தொடங்கி, பெண் பிரதமர் ஒருவரின் கீழ் வெளியுறவு அமைச்சரானார். கட்சியின் பெயர் மாடரேட்ஸ். முதல் சீசனில் நீபோர்க் கட்சியின் பெயரும் அதுவே. இதைச் சொன்னபோது முன்னாள் துணைத் தலைவர் நம்பவில்லை. மாணவி கைப்பேசியில் தேடிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

நாங்கள் பார்த்து முடித்த மறு மாதம், கிரீன்லாந்து அமெரிக்காவின் உடைமையாக இருப்பது அவசியம் என்று டிரம்ப் அறிவித்தார். எங்கள் வாட்ஸ்அப் குழு நள்ளிரவில் விழித்துக்கொண்டது. கார் ஓட்டும் தம்பி ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: “சார், ஐந்தாவது சீசன்.”

கணக்கு

பேச்சு அடிக்கடி போய் நின்ற ஓர் இடத்தையும் பதிவு செய்கிறேன். டேனிஷ் நாடாளுமன்றத்தில் 179 இடங்கள், கிரீன்லாந்துக்கு 2. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234. நீலகிரி மாவட்டத்துக்கு 3. நீலகிரி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி ஒன்று இருந்தாலும் அதன் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் பவானிசாகர், மேட்டுப்பாளையம், அவிநாசி மூன்றும் கீழே இருப்பவை. இங்கே சமவெளியை நாங்கள் ‘கீழே’ என்றுதான் சொல்வோம். யானை வழித்தடம் பற்றிய முடிவு 2020-இல் டெல்லியில் வந்தது. வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்ற உத்தரவு 2024-இல் சென்னையில். இரண்டும் காட்டுக்கும் மலைக்கும் நல்லது என்றே நான் நினைக்கிறேன். தம்பி அப்படி நினைக்கவில்லை. இ-பாஸால் சவாரி குறைந்துவிட்டது என்கிறார். நீபோர்க்கும் பருவநிலையைக் காக்கத்தானே முதலில் எண்ணெயை எதிர்த்தார் என்று நான் கேட்டேன். “சரிதான் சார். நல்லதையும் அவர்களேதான் முடிவு செய்கிறார்கள்” என்றார். இதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்றும் வரவில்லை.

எட்டாவது பகுதியில் நீபோர்க் பதவியை விட்டு இறங்குகிறார். பழையவர்களில் மூவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை துடைக்கவில்லை. “தாமதம்” என்றார், அவ்வளவுதான். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நாற்காலிக் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே வெற்றிடம்தான்.

ஒன்பதாவது ஞாயிறு, டிசம்பர் 1. பகுதி எதுவும் மிச்சமில்லை; இருந்தாலும் ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தலைமையாசிரியை முதல் சீசனின் நான்காவது பகுதியைப் போடச் சொன்னார். புதுப் பிரதமர் நீபோர்க் முதல் முறையாகக் கிரீன்லாந்துக்குப் போகும் பகுதி அது. அங்குள்ள அமெரிக்க விமானத் தளம் வழியாகக் கைதிகள் ரகசியமாகக் கொண்டுபோகப்பட்ட செய்தி வெடித்ததால் வரும் பயணம். அந்தத் தளத்துக்காக 1953-இல் அங்கே வாழ்ந்த இனுகுயிட் என்ற பூர்வகுடிக் குடும்பங்களை ஊரோடு பெயர்த்து வடக்கே அனுப்பினார்கள் என்பதை நான் சொன்னேன். தம்பி தலையை மட்டும் ஆட்டினார்.

திரையில் பதினோரு வயது இளைய நீபோர்க். கனத்த கோட்டில், கிரீன்லாந்துத் தலைவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாணவி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். “இவர்தானா அவர்?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “டீச்சர், நீங்கள் ஏன் பதில் சொல்லாமல் இருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது” என்றாள்.

தலைமையாசிரியை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டபெட்டுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தம்பி காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.